முத்துக் கடலின் ரிம்

தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் 'ரிம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் ஆடத் தொடங்கினால், "ரிம் கோட்டம் எடுக்கணும்" என்று சொல்லிக் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ரிம் உள்ளது, ரிம் இல்லாதது என்று இரண்டு வகை. கூடைப்பந்து மைதானத்தில் வலை தொங்கும் இரும்பு வளையத்துக்கும் அதே பெயர். வட்டமான ஒன்றின் வெளி ஓரம் என்பதே இன்று அந்த ஆங்கிலச் சொல்லின் நடைமுறைப் பொருள்.

ஆனால் அந்தச் சொல்லின் பழைய வாழ்வு கடலோரத்தில் கழிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'ரிமா'. ஓரம், எல்லை, கரை என்ற பொருள்களில் அது வழங்கியது. கடலைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து 'சேரிமா' ஆனால் கடற்கரை. விடியற்காலையைக்கூடப் பகலின் ரிமா என்று அந்தக் காலத்தவர் சொன்னார்கள். வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் இதற்கு உறவான 'ரிமி' என்ற சொல், சுற்றுப்புறத்தைவிடச் சற்று மேடாக நீண்டு கிடக்கும் நிலத்தைக் குறித்தது. சக்கரத்தின் விளிம்பு என்ற பொருள் கி.பி. 1400-ஐ ஒட்டித்தான் வந்து சேர்ந்தது. கோப்பையின் வாய் விளிம்பு அதற்கும் பின்னர்.

இருபதாம் நூற்றாண்டில் சொல் மறுபடி கடலுக்குத் திரும்பியது. பசிபிக் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளுக்குப் 'பசிபிக் ரிம்' என்று பெயர் வந்தது. 1997-இல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் ரிம் நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் செயலகம் மொரீஷியஸில் இருக்கிறது.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'கரை'. ஆற்றுக்கும் கரை, கடலுக்கும் கரை, வேட்டிக்கும் கரை. வேட்டியின் கரைக்கு அகலம் உண்டு. தனி நெசவு உண்டு. பழைய 'ரிமா'வும் அப்படித்தான், அகலமுள்ள ஒரு நிலப்பட்டையைச் சொன்னது. பின்னாளில்தான் அது மெல்லிய கோடாகச் சுருங்கியது.

வரைபடத்தில் கடற்கரையைக் கோடாகவே பார்த்துப் பழகியவர்களுக்குத் தூத்துக்குடி ஒரு நல்ல பாடம். இங்கே சிப்பி வளர்வது ஓரத்தில். பவளப்பாறை அலையைத் தடுப்பது ஓரத்தில். ஆறு நிலத்தை உண்டாக்குவதும் ஓரத்தில். இந்தக் கடலோரத்தின் அறிவியல் எல்லாமே அந்தப் பழைய, அகலமான பொருளின் பக்கம் நிற்கிறது.

சிப்பியின் ஓரம்

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிக்கு அறிவியல் பெயர் பிங்க்டாடா ஃபுகாட்டா. இரண்டு ஓடுகளுக்கு உள்ளே, சதையைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. உயிரியலாளர்கள் அதை மேன்டில் என்பார்கள். ஓட்டைக் கட்டுவது இந்தப் படலம்தான். அதிலும் இடத்துக்கு இடம் வேலை மாறுகிறது. படலத்தின் கடைசி விளிம்பில் இருக்கும் செல்கள், ஓட்டின் வெளி அடுக்கைச் சுரக்கின்றன. அது கால்சைட் என்ற கனிமத்தாலான, பளபளப்பில்லாத அடுக்கு. விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் செல்கள், அராகொனைட் என்ற கனிமத்தைத் தகடு தகடாக அடுக்குகின்றன. சிப்பியின் உட்புறம் மின்னுவது அதனால்தான்.

கால்சைட், அராகொனைட் இரண்டுமே கால்சியம் கார்பனேட். சாதாரணச் சுண்ணாம்புப் பொருள். அடுக்கும் முறைதான் வேறு. அராகொனைட் தகடு ஒவ்வொன்றும் சுமார் அரை மைக்ரான் தடிமன். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 2,000 தகடுகள் அடங்கும். தகடுகளுக்கு நடுவே கான்கியோலின் என்ற புரதப் பசை இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. தகட்டின் தடிமனும் ஒளியின் அலைநீளமும் ஒரே அளவில் இருப்பதால், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி தன்னோடு தானே குறுக்கிட்டு, சில நிறங்களைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் காட்டுகிறது. முத்தின் நீரோட்டம் என்று நகைக்கடையில் சொல்வது இந்த இயற்பியலைத்தான்.

மணல் துகள் உள்ளே புகுந்தால் முத்து விளைகிறது என்று பள்ளிக்கூடம் முதல் பட்டிமன்றம் வரை சொல்லப்படுகிறது. ஆனால் மணல்வெளிக்கு நடுவே வாழும் சிப்பிக்கு மணலை வெளியே தள்ளத் தெரியும். முத்துக்குத் தேவை மேன்டிலின் செல்கள். காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தச் செல்களில் சில இடம் பெயர்ந்து சதைக்குள் சிக்கிக்கொண்டால், அவை பெருகி ஒரு சிறு பையாக மாறுகின்றன. ஓரத்தில் இருந்தபோது செய்த அதே வேலையை அவை உள்ளே போயும் விடுவதில்லை. பைக்குள் தகடுமேல் தகடாக அராகொனைட் படிந்து முத்தாகிறது.

வளர்ப்பு முத்து இந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது. ஜப்பான் இந்த நுட்பத்தைத் தொழிலாக வளர்த்திருந்த காலத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் சொந்தமாகச் சோதனை தொடங்கியது. விஞ்ஞானி கே. அழகர்சாமியின் தலைமையில் 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கிடைத்தது. முறை இதுதான்: ஒரு சிப்பியின் மேன்டிலிலிருந்து சிறு துண்டை வெட்டி, ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் சதைக்குள் வைப்பது. துண்டை எங்கே வெட்டுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. கடைசி விளிம்பிலிருந்து வெட்டினால் மணியின்மேல் மங்கலான கால்சைட் படியும். விளிம்பை ஒட்டிய உட்பகுதியிலிருந்து வெட்டினால் முத்துப் படலம் படியும். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் அடங்கும் சதைப் பட்டையில் மங்கலும் மின்னலும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1981-இல் அதே நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வகம், முத்துச்சிப்பியின் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கியது.

பார்: நீருக்குள் இருக்கும் நிலம்

இயற்கை முத்து கிடைத்தது கரையில் அல்ல. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் வரை ஆழத்தில் மணல்வெளிக்கு நடுவே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. கடலோர மக்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. சிப்பியின் குஞ்சு மூன்று வாரங்களுக்கும் மேலாக நீரோட்டத்தில் மிதந்து அலைந்துவிட்டு, பிடித்துக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும். பாரில் இறங்கினால் நூல்போன்ற இழைகளால் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். வெறும் மணலில் இறங்கினால் பிழைக்காது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணை உலர்ந்த நிலமாக இருந்தது. பிற்காலத்தில் முத்துக் குளியாளி மூச்சடக்கி இறங்கிய பார்கள் எல்லாம் அன்று காற்றும் வெயிலும் படும் தரை. பனி உருகிக் கடல் ஏற ஏற, ஒவ்வொரு பாரும் ஏதோ ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்து, பிறகு மூழ்கியது.

முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் 'சலாபம்' என்று பெயர். பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தின் மதிப்பைக் கணக்கிட்ட பிறகே அரசு சலாபத்தை அறிவிக்கும். குளியாளி கல்லில் கால்வைத்து இறங்குவார். ஒரு நிமிடத்தைச் சுற்றி நீருக்குள் இருந்து சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். கயிற்றைப் பிடித்திருப்பவர் மேலே இழுப்பார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க மாலுமிக் கையேடு, பாண்டியரின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் இறக்கப்பட்டதாகச் சொல்கிறது. பிற்காலத்தில் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம் குளியாளிகளும் இந்தத் தொழிலின் தூண்களாக இருந்தார்கள். பாண்டியர், போர்ச்சுக்கீசியர், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பின் ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. குளியாளியின் கல்லும் கயிறும் மாறவில்லை.

1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. 1961-தான் கடைசி. அதற்குப் பிறகு பார்களில் சலாபம் அறிவிக்கும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. சிப்பிக் குஞ்சுகள் வந்து இறங்குவது ஆண்டுக்கு ஆண்டு சீரற்றது. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து பாரை மூடும். மீன்களும் திருக்கைகளும் தின்னும். ஒருவகை மட்டிகள் பாய்போலப் பரவிச் சிப்பிகளை மூச்சுத் திணறவைக்கும். சலாபங்களில் அள்ளப்பட்ட கோடிக்கணக்கான சிப்பிகளின் கணக்கும் சேர்ந்துகொண்டது.

அலையை வாங்கும் விளிம்பு

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கரையை ஒட்டிச் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே இருந்தவை நான்கு: வான் தீவு, காசுவார், காரியசல்லி, விலாங்குசல்லி. எல்லாம் பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உருவானவை. ஒவ்வொன்றைச் சுற்றியும் நீருக்குள் பவளப்பாறை ஓரமாக வளர்ந்திருக்கிறது. இவ்வகைப் பாறைக்கு அறிவியலில் விளிம்புப் பவளப்பாறை என்றே பெயர்.

உலகின் பல பவளப்பாறைகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைக் குறைக்கின்றன என்று கணக்கிட்டது. அதில் பெரும் பங்கு, 86 விழுக்காடு, பாறையின் வெளி முகட்டில் மட்டுமே குறைகிறது. பாறையின் ரிம் உடைந்தால் பின்னால் இருக்கும் தீவுக்குக் காவல் இல்லை.

தூத்துக்குடியில் அந்த ரிம் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும், கட்டுமானத்துக்காகவும், ஆலைகளின் மூலப்பொருளாகவும் பவளக்கல் படகுபடகாகக் கரைக்கு வந்தது. 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னரே வெட்டுவது பெருமளவு நின்றது. அதற்குள் விலாங்குசல்லி நீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவுக்கும் அதே கதி. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, மிச்சமிருந்த பவளங்களும் வெளிறின.

வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்பு. 2014-இல் ஏறத்தாழ 2 ஹெக்டேர்தான் மிஞ்சியது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து ஒரு வழி கண்டன. துளைகள் உள்ள கான்கிரீட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் வார்த்து, தீவின் கடல்பக்கம் 2015 முதல் வரிசையாக இறக்கினார்கள். கட்டமைப்பு அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள, தீவின் பக்கம் மணல் தங்கியது. துளைகளில் மீன் அடைந்தது. கான்கிரீட்டின்மேல் பவளம் முளைத்தது. தீவு கரைவது நின்றது.

ஊர்கள் பின்வாங்கவில்லை, கடல் பின்வாங்கியது

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். கிரேக்கர்கள் அதைக் 'கொல்கொய்' என்று எழுதினார்கள். இன்று கொற்கையில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது வயலும் வாழையும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021-இல் அங்கே மீண்டும் அகழாய்வு நடந்தது.

கொற்கை மங்கிய பிறகு துறைமுகம் கடலை நோக்கி நகர்ந்து காயலில் அமைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ வருணித்த துறைமுகம் இன்றைய பழையகாயல்தான் என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் காட்டினார். பழையகாயலும் இன்று கடலோரத்தில் இல்லை. ஆற்றின் வாயில் இப்போது இருப்பது புன்னைக்காயல்.

மூன்று ஊர்களையும் ஒரு கோட்டில் நிறுத்துவது தாமிரபரணி. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, கடலைத் தொடும் இடத்தில் வேகம் இழந்து வண்டலைக் கொட்டுகிறது. மன்னார் வளைகுடாவின் இந்தப் பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கொட்டிய வண்டலை வாரிக்கொண்டு போக அது போதாது. இதோடு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்து பிறகு தாழ்ந்திருக்கிறது. ராமேஸ்வரம், பாம்பன் பகுதியில் அலைக்கு மேலே உலர்ந்து நிற்கும் பழைய பவளப்பாறைகள் அதற்குச் சாட்சி. ஆறு முன்னே தள்ளியது. கடல் பின்னே போனது. துறைமுகம் கரையைத் துரத்திக்கொண்டே போயிற்று.

தூத்துக்குடிக்கு வந்த பிறகும் அந்தத் துரத்தல் நிற்கவில்லை. கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள்தான் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கின. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தத் துறையிலிருந்துதான். ஆழ்கடல் கப்பல்கள் நேரடியாகத் துறையைத் தொட வேண்டுமானால் கரையையே கடலுக்குள் நீட்ட வேண்டியிருந்தது. கருங்கல் கொட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். புதிய துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்றது.

கடலுக்குள் நீளும் சுவருக்கு ஒரு விலை உண்டு. கரையோரமாக நீரோட்டம் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. சுவர் அதை மறிக்கிறது. இதற்குத் தமிழ்நாட்டின் தெளிவான சான்று சென்னை. 1876-இல் துறைமுக வேலை தொடங்கிய பின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. ஓரிடத்தில் கரையைத் தொட்டால் இன்னோரிடத்தில் கரை பதில் சொல்கிறது.

எத்தனை கிலோமீட்டர்?

இந்தியாவின் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் அது 11,098.81 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் கணக்கு 906.9-இலிருந்து 1,068.69 கிலோமீட்டர் ஆனது. புதிதாக எந்த நிலமும் சேரவில்லை. முன்பு 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தில் அளந்ததை, இப்போது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தில் அளந்திருக்கிறார்கள். முன்பு விடுபட்ட கழிமுகமும் மணல்திட்டும் குடாவும் கணக்கில் ஏறின. அளவுகோல் நுணுகினால் கரையின் நீளம் கூடும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ரிச்சர்ட்சன் முதலில் கவனித்தார். 1967-இல் பெனுவா மாண்டல்பிரோ அதை விளக்கிக் கட்டுரை எழுதினார். அந்தச் சிந்தனையே பின்னர் ஃப்ராக்டல் வடிவியலாக வளர்ந்தது.

சட்டத்துக்குக் கோடு தேவைப்படுகிறது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நீர் ஏறும் எல்லையை அடிக்கோடாக வைத்து, அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர்வரை கட்டுப்பாடு விதித்தது. ஓதம் ஒரு மீட்டருக்குள் அடங்கும் தூத்துக்குடியில்கூட, தரை தட்டையாக இருப்பதால் நீர் கிடைமட்டத்தில் வெகுதூரம் உள்ளே வரும். அந்தத் தட்டைத் தரையில்தான் மாவட்டத்தின் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்திருக்கின்றன. சட்டம் 500 மீட்டரை ஒரு பட்டையாகப் பார்த்தது சரியான பார்வை. அந்தப் பட்டை நிலப்பக்கம் இருப்பதுபோலவே கடல்பக்கமும் நீள்கிறது என்பதை நினைவில் வைத்தால் இன்னும் சரியாக இருக்கும். தூத்துக்குடியின் கரை உப்பளத்தில் தொடங்கி, மணல், கடற்புல், தீவு, பவளப்பாறை என்று கடந்து, முத்துப் பார் வரை போகிறது.

அதில் எந்த ஒன்றைச் சிதைத்தாலும் மற்றவை தாங்காது என்பதை விலாங்குசல்லி காட்டிவிட்டது. சிதைந்ததை ஓரளவு மீட்க முடியும் என்பதை வான் தீவு காட்டியிருக்கிறது. தேய்ந்துவரும் காரியசல்லிக்கும் அதே முறையில் மீட்புப் பணி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது தொய்வில்லாமல் நடக்க வேண்டும். பார்களின் நிலையைத் தொடர்ந்து ஆய்ந்து மக்களுக்குச் சொல்வதும், பொரிப்பகத்துச் சிப்பிகளைப் பார்களில் விதைப்பதும் ஆண்டுக் கடமையாக வேண்டும். வாசகரும் ஒன்று செய்யலாம். ராமேஸ்வரம், கன்னியாகுமரி போன்ற ஊர்களில் யாராவது அலமாரியில் வைக்கப் பவளக்கல் விற்க வந்தால், வாங்காதீர்கள். அதை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.